பட்டமும் நியமனக் கடிதமும்

கிராமத்துப் பாடசாலை ஆசிரியன் ஒருவனுக்குச் சமாதான நீதவான் என்ற பதவியும் சேர்ந்துகொண்டால் அவனுடைய வீட்டு முன்விறாந்தை ஒரு சிறு கந்தோராகிவிடும். எனக்கு அதுவே நேர்ந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தால் மஃரிப் வரைக்கும் யாராவது ஒருவர் பொலித்தீன் உறைக்குள் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வந்து நிற்பார். மூலத்தைப் பார்த்து, நிழற்பிரதியைப் பார்த்து, 'உண்மைப் பிரதி' என்ற முத்திரையை ஒற்றிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். எதற்கு ஒப்பமிட்டேன் என்பது பின்னர் மறந்துவிடக் கூடாதென்று ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, பெயர், ஆவணம், நோக்கம் என நான்கு நிரல் கிழித்து எழுதி வருகிறேன். மூன்று கொப்பிகள் முடிந்து இப்போது நான்காவது நடக்கிறது.

சென்ற மாதம் வேறொரு தேவைக்காக அக்கொப்பிகளைப் புரட்டியபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். எண்ணிப் பார்த்தேன். பதினொரு தடவை. ஆவணம் என்ற நிரலில் பதினொரு இடத்திலும் 'கலைமாணிப் பட்டச் சான்றிதழ்'. நோக்கம் என்ற நிரலில் பட்டதாரிப் பயிலுநர் நியமனம், ஆசிரியர் போட்டிப் பரீட்சை, மீண்டும் ஆசிரியர் போட்டிப் பரீட்சை, முகாமைத்துவ உதவியாளர், கிராம உத்தியோகத்தர், மேன்முறையீடு, இப்படி. அந்தப் பெண் என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழும் வரலாறும் படித்தவள். அவளைக் கலைப்பிரிவுக்குப் போகச் சொன்னவனும் நான்தான்.

நான் பட்டதாரி அல்லன். ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் பயின்று வெளியேறிய பயிற்றப்பட்ட ஆசிரியன். பட்டம் பெறாத ஒருவன் முத்திரை குத்தினால்தான் பட்டம் உண்மையாகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் அந்தப் பதினொரு வரிகளையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டம் என்றால் அரசாங்க நியமனம், நியமனம் வரும்வரை காத்திருப்பு என்ற இந்த வழக்கம் எப்போது எங்கள் ஊருக்குள் வந்தது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது. அந்தத் தேடலில் அகப்பட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வேரைத் தேடினால் 1833இன் கோல்புரூக் – கமரன் சீர்திருத்தங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நிர்வாகத்தைக் குறைந்த செலவில் நடத்துவதற்கு ஆங்கிலம் தெரிந்த உள்ளூரார் தேவைப்பட்டனர். ஆகவே ஆங்கிலக் கல்வி வந்தது. அதைக் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. இந்த நாட்டில் நவீன கல்வி பிறந்தபோதே அதன் இடுப்பில் உத்தியோகம் கட்டப்பட்டிருந்தது. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்' என்ற முதுமொழியும் அந்தக் காலத்தின் குழந்தையாகவே இருக்க வேண்டும். கோறணமேந்து என்ற சொல்லே ஆங்கிலத்தைக் காதால் மட்டும் கேட்டவர்களின் சொல்.

எமது சமூகம் அந்த ஓட்டத்தில் பிந்தியே சேர்ந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்பது மிஷனரிப் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சியவர்களை இன்று நாம் எளிதாகக் குறைகூறிவிட முடியாது. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும், நாடு கடத்தப்பட்டு வந்திருந்த ஒறாபி பாஷாவின் உற்சாகத்தோடும் வாப்பிச்சி மரைக்காரின் துணையோடும் 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிறா உருவானதும் இவ்விதழின் வாசகர்கள் நன்கறிந்த செய்திகள். ஆனால் மருதானைக்கும் எங்கள் வயல் வட்டைக்கும் இடையிலிருந்த தூரம் மைல்கணக்கில் அளக்கக்கூடியதல்ல. எங்கள் ஊரில் அப்போது படிப்பு என்றால் குர்ஆன் மதரஸாவும், கையெழுத்துப் போடத் தெரிந்துகொள்வதுமே.

இங்கே ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து, கேம்பிரிஜ் சென்றிருந்த நிலையில் சிவில் சேவைப் பரீட்சையில் தேறி 1935இல் அச்சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். அன்றைய படித்த இளைஞனுக்கு அதற்கு மேல் ஏறுவதற்கு ஒரு படி இருக்கவில்லை. யுத்தகால உணவு உற்பத்திக்காக 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். எங்கள் பக்கத்து மக்களின் வறுமையையும் கல்வி நிலையையும் அவர் அருகிலிருந்து கண்ட காலம் அது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை அவர் நிறுவியதற்குக் கல்முனையில் கண்டவையும் தூண்டுதலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கூட்டங்களிலெல்லாம் அவரை 'முதல் முஸ்லிம் சிவில் சேவையாளர்' என்றே அறிமுகப்படுத்துகிறோம். அந்தச் சேவையை 1948இல் தாமாகவே விட்டிறங்கி ஸாஹிறாவின் அதிபர் நாற்காலியில் அமர்ந்தவர் என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறோம். கோறணமேந்துக் கோழியை அவிழ்த்துவிட்டு வந்த மனிதரை நாம் அந்தக் கோழிக்காகவே நினைவு வைத்திருக்கிறோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 யூலையில் தொடங்கப்பட்டபோது அதில் இருந்த மாணவர் தொகை 904. முழு நாட்டுக்கும்தான். அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவன் பட்டம் பெற்று வெளியே வந்தால் அவனுக்காக ஒரு கதிரை எங்கோ காத்திருந்தது என்பதில் வியப்பில்லை. பின்னர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது, மத்திய கல்லூரிகள் பெருகின. 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சுயமொழிகளில் கற்பிக்கப்படத் தொடங்கின. ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளைக்குப் பேராதனையின் கதவு திறந்தது அன்றைக்குத்தான். கலைப்பீடம் என்ற ஒரு கதவு மட்டும் திறந்தது. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் என்பவற்றின் கதவுகளுக்கு ஆய்வுகூடம் என்றொரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு எங்களூரில் இன்றும் இருக்கிறது.

எங்கள் ஊரின் முதலாவது பட்டதாரி அக்கதவால் சென்று வந்தவர். அவரை எல்லோரும் 'பீ.ஏ. மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகியும் அவருடைய வீடு இருந்த காணி இன்றும் 'பீ.ஏ. மாஸ்டர்ட வளவு'தான். என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்: அவர் பேராதனையிலிருந்து வந்து இறங்கிய அன்று சந்தியிலிருந்து வீடுவரைக்கும் ஆட்கள் பின்னால் நடந்தார்களாம். அந்த வருடம் முடிவதற்குள் நியமனக் கடிதம் தபாலில் வந்ததாம். அவர் யாரையும் தேடிப் போகவில்லை, எந்தப் படிவமும் நிரப்பவில்லை என்று வாப்பா சொல்வார். படிவம் நிரப்பவில்லை என்பதை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் கடிதம் விரைவில் வந்தது என்பதில் சந்தேகமில்லை. 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றிருந்தது. பாடசாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. சுயமொழியில் மேல்வகுப்புகளுக்குக் கற்பிக்க ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள்.

பட்டம் பெற்றால் கடிதம் வரும் என்ற நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று சொல்ல நான் தயாரில்லை. அது ஒரு குறுகிய காலத்தில், ஏறக்குறைய பத்து வருட காலத்தில், கண்ணால் கண்ட உண்மையாக இருந்தது. ஊருக்கு ஒருவர் அந்த உண்மைக்குச் சாட்சியாக நடமாடினார். காலம் மாறிய பிறகும் ஊர் அந்தச் சாட்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலம் மிக விரைவாகவே மாறியது. அறுபதுகளின் இறுதியிலேயே கலைப் பட்டதாரிகள் வேலையின்றித் தேங்கத் தொடங்கிவிட்டனர். வெளிநாட்டுச் செலாவணி இல்லை, தொழிற்றுறை வளரவில்லை, அரசாங்கமோ எல்லோருக்கும் கதிரை போட முடியாத நிலையில் இருந்தது. 1971 ஏப்ரலில் தெற்கில் வெடித்த கிளர்ச்சியில் நின்றவர்களில் பெரும்பாலானோர் சுயமொழியில் படித்த கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பு அனுப்பிய, டட்லி சீயர்ஸ் தலைமையிலான குழுவொன்று இலங்கையின் வேலையில்லாப் பிரச்சினையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழில் வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது என்பதே அதன் தலைப்பின் பொருள். வேலை போதாது என்பது மட்டுமல்ல பிரச்சினை, கல்வி உண்டாக்கிவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்பதும்தான் என்று அக்குழு கூறியது. அக்குழுவில் இடம்பெற்ற ரொனால்ட் டோர் 1976இல் இதையே விரித்துச் 'சான்றிதழ் நோய்' என்ற பொருள்பட ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையும் அதில் ஒரு நோயாளி. வேலைக்கு ஆட்கள் கூடக்கூட ஒரே வேலைக்குக் கேட்கும் தகைமையும் உயர்ந்துகொண்டே போகிறது, ஆகவே பிள்ளைகள் அறிவுக்காகவன்றி அடுத்த சான்றிதழுக்காகவே படிக்கிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அன்று சாதாரண தரம் சித்தியடைந்தவர் செய்த எழுதுவினைஞர் வேலைக்கு இன்று பட்டதாரி விண்ணப்பிப்பதைப் பார்க்கும்போது அவரை மறுப்பது கடினம்.

ஆனால் 'எதிர்பார்ப்பு' என்ற அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஏதோ எங்கள் பிள்ளைகள் பேராசைப்பட்டுக் கதிரை கேட்டது போல அது ஒலிக்கிறது. எங்கள் ஊரில் மாதம் தவறாமல் பணம் வரும் தொழில் எது? வயல் மழையை நம்பியது. கடல் வாடைக்கு மூடிவிடும். கொழும்பிலுள்ள தனியார் கம்பனியில் நுழைவதற்கு ஆங்கிலம் வேண்டும், அறிமுகம் வேண்டும், தங்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். தமிழ்மொழி மூலம் கலைப்பாடம் படித்த பிள்ளைக்கு இந்த மூன்றும் இல்லை. நோய்வாய்ப்பட்டாலும் சம்பளம், வயதானால் பென்சன், மௌத்தானால் மனைவிக்கு விதவைப் பென்சன் என்று தரக்கூடிய ஒரே முதலாளி அரசாங்கம்தான். இருந்த வழிகளில் நிச்சயமானதை ஊர் தேர்ந்தெடுத்தது. அது கணக்குத் தெரியாததால் வந்த தேர்வல்ல.

பொருத்தப்பாட்டைக் கல்வியால் உண்டாக்கும் முயற்சியும் நடந்தது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அந்தந்தப் பிரதேசத்துத் தொழிலைப் பாடசாலையில் கற்பிப்பது நோக்கம். எங்கள் ஊரில் அது நெற்செய்கையாக வந்தது. என் சாச்சா அந்த வகுப்பில் படித்தவர். 'வயலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினா, மம்பெட்டி எனக்கு முன்னால அங்க வந்து நிக்குது' என்பார். 1930களில் ஹந்தெஸ்ஸ என்னும் இடத்தில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டத்துக்கு நேர்ந்த கதியும் இதுவே. கொழும்புப் பிள்ளைக்கு ஆங்கிலம், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று பெற்றோர் கேட்டார்கள். 1977இல் ஆட்சி மாறியதோடு அந்தச் சீர்திருத்தத்தின் கதையும் முடிந்தது.

எழுபதுகளில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலம் எங்களுக்கு வேறொரு வகையில் முக்கியமானது. முஸ்லிம் பாடசாலைகள் தனி அடையாளம் பெற்றதும், முஸ்லிம் ஆசிரியர்களும் மௌலவி ஆசிரியர்களும் பெருந்தொகையாக நியமிக்கப்பட்டதும் அப்போதுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட அடிப்படை வந்ததும் அக்காலத்திலேயே. தரப்படுத்தல் வடக்கில் என்ன காயத்தை உண்டாக்கியது என்பதை அறிவேன். அதே மாவட்டக் கோட்டாவால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் உள்ளே போனார்கள் என்பதையும் அறிவேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் நேர்மை.

ஆசிரியத் தொழில் எங்கள் சமூகத்தின் முதன்மையான உத்தியோகமாக நிலைபெற்றதும் இவ்வாறுதான். அதோடு நியமனம் என்பது அமைச்சர் தருவது என்ற எண்ணமும் நிலைபெற்றது. அடுத்து வந்த அரசாங்கம் 1978 அளவில் 'தொழில் வங்கி' என்ற பெயரில் விண்ணப்பப் படிவங்களைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் மூலமே விநியோகித்தது. அதற்கு முன்னரும் எம்.பி.யின் 'துண்டு' இருந்தது. இப்போது துண்டே சட்டபூர்வமான படிவமாயிற்று. படித்தவன் கடிதத்தைத் தபாற்காரனிடம் எதிர்பார்த்த காலம் போய், எம்.பி.யின் வீட்டு வாசலில் சுபஹுக்குப் பின்னரே வரிசையில் நிற்கும் காலம் வந்தது. 1987 – 89இன் இரண்டாவது தென்னிலங்கைக் கிளர்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் தந்த அறிக்கையில், நியமனங்களில் அரசியல் தலையீடு இளைஞர்களின் ஆத்திரத்துக்கு முக்கிய காரணம் என்று எடுத்துக் காட்டப்பட்டது. அறிக்கை வெளிவந்தது. துண்டும் தொடர்ந்தது.

இதே காலத்தில் மத்திய கிழக்கின் கதவு திறந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் ரியாதுக்குப் போய் இரண்டு வருடத்தில் கல்வீடு கட்டினான். பட்டம் பெற்றவன் ஓலைவீட்டில் வர்த்தமானி பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியிருந்தும் ஊரில் பட்டத்தின் மதிப்பு குறையவில்லை. கல்யாணப் பேச்சில் சவூதி மாப்பிள்ளைக்குப் பணம் இருந்தது, உத்தியோக மாப்பிள்ளைக்கு 'நிச்சயம்' இருந்தது. இதில் சீதனத்தின் விலையும் அடங்கியிருந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுத வேண்டும்.

யுத்தம் எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் பாதையை வெட்டியது. யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் முஸ்லிம் மாணவர் போய்ப் படிக்க முடியாத நிலை தோன்றியபோது, எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996இல் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். இதன் முழுப் பொருளையும் பெண்பிள்ளைகளின் வாழ்க்கையில்தான் பார்க்க வேண்டும். பேராதனைக்கு அனுப்ப மறுத்த வாப்பாமார் ஒலுவிலுக்கு மறுக்கவில்லை. இன்று என் கொப்பியிலுள்ள பட்டதாரிப் பெயர்களில் பெரும்பான்மை பெண்களுடையவை. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைக் கண்டு நான் பெருமைப்படுகிறேன். அதனாலேயே அவர்களுடைய காத்திருப்பு எனக்கு இன்னும் கூடுதலாக உறுத்துகிறது. ஆண்பிள்ளை காத்திருக்கும்போது கட்டாருக்காவது போகிறான். பெண்பிள்ளை வீட்டிலேயே காத்திருக்கிறாள். படித்தவர்களிடையே வேலையின்மை கூடுதல், அதிலும் பெண்களிடையே மிகக் கூடுதல் என்று தொழிற்படை மதிப்பீடுகள் வருடந்தோறும் சொல்வது எனக்குப் புதிய செய்தியல்ல.

என் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998இல் உயர்தரம் எழுதி, சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியது. பின்னர் நான்கு வருடம் சம்பளமில்லாத தொண்டராசிரியன். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெருநாளைக்கு ஒரு சிறு தொகை தரும். அதற்கே மகிழ்ந்தோம். நிரந்தர நியமனம் தருவதாக அரசியல் பிரமுகர் ஒருவர் எங்களை மூன்று தேர்தல் கூட்டங்களுக்குக் கதிரை அடுக்க வைத்தார். கதிரை அடுக்கியவர்களுக்குக் கதிரை கிடைக்கும் என்று நாங்கள் பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். இறுதியில் நியமனம் வந்தது, பின்னர் கலாசாலைக்குப் போனேன். நியமனக் கடிதத்தை உம்மாவின் கையில் கொடுத்த அன்று அவர் அழுதார். எழுதப்படிக்கத் தெரியாத அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருத்தவில்லை.

எனது தலைமுறையிலிருந்து பார்த்தால் நியமனங்கள் அலையலையாக வந்திருக்கின்றன. 2004, 2005இல் ஓர் அலை. 2012இல் ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்ட இன்னோர் அலை. 2020இல் 50,000க்கும் மேற்பட்டோரை மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவோடு உள்வாங்கிய மூன்றாவது அலை. ஒவ்வோர் அலைக்கும் பக்கத்தில் ஒரு தேர்தல் இருப்பதைத் திகதிகளை அடுக்கிப் பார்ப்பவர் காண்பார். 2004 ஏப்ரலில் பொதுத் தேர்தல், 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். 2012 செப்டெம்பரில் எங்கள் கிழக்கு மாகாண சபைத் தேர்தல். 2020இல் நியமனமே தேர்தலை முன்னிட்டு இடையில் நிறுத்தப்பட்டு, ஓகஸ்ட் பொதுத் தேர்தலுக்குப் பின்னர் வழங்கப்பட்டது. எந்தத் திணைக்களத்துக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கெடுத்தா இவர்கள் சேர்க்கப்பட்டார்கள்? பிரதேச செயலகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருப்பார்கள். மேசையில் ஒரு கோப்பு இருக்கும். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. பட்டம் பெற்ற மூளையை அப்படி உட்கார வைப்பது உட்கார்ந்திருப்பவருக்கே பெரிய தண்டனை. என் பழைய மாணவன் ஒருவன் மரத்தளபாடக் கடை போடலாமா என்று அந்த மேசையிலிருந்தே என்னிடம் கேட்டான்.

அலைகளுக்கு இடையில் இருப்பவர்களின் பாடுதான் கொடியது. பட்டம் செல்லுபடியாகும் திகதி ஒரு நாள் பிந்தினாலும் அலை தாண்டிப் போய்விடும். உள்வாரியா வெளிவாரியா என்ற கேள்வி வரும். வயதெல்லை ஒரு பக்கத்தால் நெருங்கும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவிலும் காரைதீவிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு நூறு நாள் தாண்டியும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். முப்பது வருடத்தில் அரசியல்வாதிகளால் செய்ய முடியாததை வேலையின்மை செய்தது என்று அன்று ஒரு நண்பர் சொன்னார். காரைதீவுக்கு நானும் ஒருநாள் தண்ணீர்ப் போத்தல்களோடு போயிருந்தேன். கொட்டகைக்குள் இருந்தவர்களில் நால்வர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் எழுந்து நின்று 'வாங்க சேர்' என்று கதிரை தந்தார்கள். அந்தக் கதிரையில் நான் இருந்த அரைமணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று அறிவித்ததோடு அலையே நின்றுபோனது. புதிய நியமனங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. அரச ஊழியர் 60 வயதில் ஓய்வுபெற வேண்டுமென்று ஆக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கானோர் வீடு சென்றனர். வெளிநாடு போக விரும்பும் ஊழியருக்கு ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை தரப்பட்டது. எங்கள் பாடசாலையிலிருந்தும் ஒருவர் போனார். உள்ளே இருப்பவர் வெளியே போக வழி தேடுகிறார், வெளியே இருப்பவர் உள்ளே வரக் காத்திருக்கிறார். நியமனக் கடிதத்தின் 'நிச்சயம்' பெற்றோலுக்கான வரிசையில் கரைந்துபோனதை எல்லோரும் கண்ணால் கண்டோம். அதற்குப் பின்னரும் என் விறாந்தைக்கு வருவோர் குறையவில்லை.

இவ்வளவையும் எழுதிய பின்னர் என் பங்கை மறைக்க முடியாது. எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. 2013இல் நாட்டில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியபோது எங்களுக்கும் வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினோம். ஆசிரியரில்லை, கட்டிடமில்லை என்று பதில் வந்தது. கணிதமும் விஞ்ஞானமும் படிக்க விரும்பும் பிள்ளை பத்து மைல் தூரம் போக வேண்டும், தனியார் வகுப்புக்கும் பணம் வேண்டும். கலைப்பிரிவில் மாணவர் தொகை குறைந்தால் உயர்தர வகுப்பே மூடப்படும் அபாயமும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நாங்கள் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனோம். 'கலை படி, கெம்பஸ் போகலாம், பிறகு எப்படியும் ஒரு நியமனம் வரும்' என்றோம். அந்த 'எப்படியும்' என்ற சொல்லை எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு எண்ணிக்கை தெரியாது. கொப்பியில் அதற்கு ஒரு நிரல் நான் கிழிக்கவில்லை.

பதினொரு தடவை வந்த பெண்ணும் அப்படிப் போன வீடுகளில் ஒன்றின் பிள்ளைதான். கணிதத்தில் அவளுக்கு ஏ சித்தி. 2020 அலை அவளைச் சில வாரங்களால் தவறவிட்டது. சென்ற வாரம் பன்னிரண்டாவது தடவையாக வந்தாள். கையில் அதே உறை. ஓரங்கள் மஞ்சளித்து, மடிப்பில் வெடித்திருந்தது.

'சேர், ரெண்டு செட் அடிச்சித் தாங்க' என்றாள்.

வழமைபோல நோக்கம் என்ற நிரலில் 'நியமன விண்ணப்பம்' என்று எழுதத் தொடங்கினேன்.

'ஒண்டுதான் சேர் அதுக்கு. மற்றது பேங்குக்கு.'

அவள் வீட்டில் இரண்டு வருடமாக அபாயா தைக்கிறாளாம். இரண்டு பிள்ளைகள் உதவிக்கு வருகிறார்களாம். பவர் மெஷின் இரண்டு வாங்கக் கடன் கேட்கப் போகிறாள். இதை நான் அறிந்திருக்கவில்லை. ஊரில் எவரும் அவளைத் தொழில் செய்பவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய உம்மா சென்ற பெருநாளன்றுகூட 'படிச்சிட்டுச் சும்மா இரிக்காள்' என்றுதான் என்னிடம் குறைப்பட்டார்.

'பேங்குக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லையே மகள்' என்றேன்.

'தேவல்லதான் சேர். ஆனாலும் வெச்சிக் குடுப்பம். அஞ்சாறு வருசம் இதோட திரிஞ்சிட்டன்.'

மை வற்றியிருந்தது. முத்திரையை இரண்டு தடவை அழுத்தி ஒற்றினேன்.

'சேர்' என்று படலையடியில் நின்று திரும்பிக் கேட்டாள், 'தங்கச்சி இந்த முறை ஓ.எல். பாஸ். மெத்ஸ்ல ஏ. என்ன படிக்கச் சொல்ற?'

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.